அம்மாவின் மாத்திரை விலை கொள்ளையா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். தனியார் நிபுணர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு மாதம் பல ஆயிரம் வெள்ளி ஆகிறது. ஒரு மாத்திரை செய்ய சில காசுதான் செலவாகும் என்று படித்திருக்கிறீர்கள். திருச்சியில் இருக்கும் மாமா, "இங்கே குறைவான விலையில் கிடைக்கும், வாங்கி அனுப்பவா" என்கிறார். உயிர் காக்கும் பொருளில் இவ்வளவு லாபம் பார்ப்பது கொள்ளை இல்லையா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "அம்மா உயிர் விஷயத்தில் கணக்குப் பார்க்கிறேனே என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மருந்தாளர். 23 ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகளில் வேலை, அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் மருந்து கொடுக்கும் முகப்பில். பொருளாதாரமும் காப்புரிமைச் சட்டமும் நான் படித்த படிப்பு இல்லை. மருந்தைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவரின் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். எது நியாயம், எது நியாயமில்லை என்று சொல்லும் இடங்களில் அது என் கருத்து மட்டுமே.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெரியவர் வருவார். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரை, தினமும் போட வேண்டியது. ஒரு தடவை ஒரு மாத மருந்து வாங்கிப் போனவர் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். கணக்கு இடித்தது. மெதுவாகக் கேட்டேன். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன்மா, மகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அந்த முறை ரத்தப் பரிசோதனையில் நோய் மறுபடி தலைதூக்கியிருந்தது. அன்றிலிருந்து விலையையும் மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்றாகவே பார்க்கிறேன். வாந்தி வருகிறதா, தோலில் தடிப்பு வருகிறதா என்று கேட்பது போலவே, கட்டுப்படியாகிறதா என்றும் கேட்கிறேன். நீங்கள் கணக்குப் பார்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. கணக்கை மறைத்துக்கொண்டு மாத்திரையைக் குறைப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை செய்யும் செலவு குறைவு என்பது உண்மையா? பெரும்பாலான மாத்திரைகளுக்கு உண்மைதான். உயிரணுக்களை வளர்த்துத் தயாரிக்கும் ஊசி மருந்துகளின் கதை வேறு. அவற்றுக்கு ஆலையும் பக்குவமும் நிறைய வேண்டும். ஆனால் வேதிப்பொருளாகச் செய்து மாத்திரையாக அழுத்தும் மருந்துக்கு, விலைச்சீட்டில் இருக்கும் தொகையில் தயாரிப்புச் செலவு மிகச் சின்னப் பங்கு. நான் சொன்ன இமாடினிப்பே இதற்குச் சாட்சி. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற அந்த மருந்துக்கு இந்தியாவில் மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்றன. அந்த விலையிலும் அவர்களுக்கு லாபம் இருந்தது.

இந்த மருந்தின் காப்புரிமை வழக்கு தமிழ்நாட்டில் தொடங்கியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு மூலக்கூறின் புது வடிவத்தைக் கொண்டுவந்தால், அது நோயைக் குணப்படுத்துவதில் முன்னதைவிட உண்மையாகவே மேலானது என்று காட்டினால்தான் காப்புரிமை என்பது இந்தியச் சட்டத்தின் 3(d) பிரிவு. நிறுவனத்தால் அதைக் காட்ட முடியவில்லை. நல்ல மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு இந்தியா துரோகம் செய்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக எதையாவது தந்தால் 20 ஆண்டு தனியுரிமை எடுத்துக்கொள் என்பதுதான் காப்புரிமையில் இருக்கும் ஒப்பந்தம். தந்தது புதிதுதானா என்று கேட்க மக்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, 8,000 ரூபாய் பொருளை 1,20,000 ரூபாய்க்கு விற்றார்கள்" என்று முடித்துவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பின்னால் வந்து அதே மாத்திரையைச் செய்தவர்கள் அதைத் தேடி அலையவில்லை. மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் ஏறக்குறைய அனுமதி வரை போய்ச் சேர்கிறது. மீதி ஒன்பதுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒன்று சம்பாதிக்க வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் இந்த வாதம் பொய் இல்லை.

எவ்வளவு செலவு என்பதில்தான் சண்டை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு புது மருந்துக்கு 260 கோடி டாலர் என்றார்கள். அதில் ஏறக்குறைய பாதி கையிலிருந்து செலவான பணமே இல்லை. அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கு. 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த இன்னோர் ஆய்வு, நடுமதிப்பு 98.5 கோடி டாலர் என்றது. அறிஞர்களிடையே இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், நிறுவனங்கள் மருந்துவாரியாகச் செலவுக் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை. இதில் பொதுப்பணமும் கலந்திருக்கிறது. 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 210 புது மருந்துகளையும் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் பின்னாலும் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதாரக் கழகங்கள் பணம் கொடுத்த அடிப்படை ஆராய்ச்சி இருந்தது. அப்படியானால் ஆராய்ச்சிச் செலவு என்று சொல்லும்போது யாருடைய செலவு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, நிறுவனம் சொல்லும் பெரிய தொகையையே ஒப்புக்கொள்வோம். அப்போதும் ஒரு விஷயம் எனக்கு உறுதி: விலை அந்தச் செலவிலிருந்து வருவதில்லை. கிளிவெக் 2001இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஓராண்டு மருந்து ஏறக்குறைய 26,000 டாலர். 2012இல் 90,000 டாலரைத் தாண்டியது. ஆராய்ச்சி முடிந்து, போட்ட பணம் எப்போதோ திரும்பி வந்துவிட்ட பிறகு விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. செய்து முடித்த ஆராய்ச்சியின் செலவு வருடா வருடம் கூடுமா? 2013இல் அந்த நோயைப் பார்க்கும் நிபுணர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து, இந்த விலை நியாயமில்லை என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். தங்கள் நோயாளிகளுக்கு நல்லது செய்த மருந்தைப் பற்றியே அப்படி எழுத வேண்டிய நிலைமை.

ஹெபடைடிஸ் சி கல்லீரல் நோய்க்கு வந்த சொவால்டி இதைவிடத் தெளிவான உதாரணம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 12 வார மருந்து 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். எகிப்தில் அதே மருந்தை, அதைச் செய்யும் கிலியட் நிறுவனமே ஏறக்குறைய 900 டாலருக்குக் கொடுத்தது. அமெரிக்க செனட்டின் நிதிக்குழு 18 மாதம் விசாரித்து, நிறுவனத்தின் சொந்த ஆவணங்களைப் படித்து, 2015 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. வருமானத்தைக் கூட்டுவதை வைத்தே விலை தீர்மானிக்கப்பட்டது என்றுதான் அது சொன்னது. நிறுவனத்தின் பதில், கல்லீரல் மாற்று சிகிச்சையோடு ஒப்பிட்டால் இது மலிவு என்பது. வாதமாகப் பார்த்தால் தவறில்லை, நோய் உண்மையிலேயே குணமாகிறது. ஆனால் மீன் விலை ஏறினால் தேக்கா சந்தையில் கோழி வாங்கிக்கொண்டு வரலாம். கல்லீரல் கெட்டுப்போகிறவர் எதை மாற்றி வாங்குவார்? காப்பாற்றப்படும் பொருளின் மதிப்பையே விலையாகக் கேட்பது என்றால், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம்மவர்கள் சொல்வதுதான் அது.

இங்கே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். லாபம் பாவம் என்று நான் நினைக்கவில்லை. மறுக்க முடியாதவரிடம், கணக்கைக் காட்டாமல், எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து வாங்குவதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. இதிலும் ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளக்க மாட்டேன். புது மருந்து கண்டுபிடித்துக் காப்புரிமைக் காலத்தில் அதிக விலை வைப்பவரோடு வாதாடலாம், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே மருந்தைச் சுற்றி நூற்றுக்கு மேல் காப்புரிமை அடுக்கி வேலி போடுவது வேறு. மூட்டுவாதத்துக்குப் போடும் ஹியூமிரா ஊசிக்கு அப்படித்தான் வேலி போட்டார்கள். அதற்கு மாற்று மருந்துகள் ஐரோப்பாவில் 2018இலேயே வந்துவிட்டன. அமெரிக்கர்கள் 2023 வரை காத்திருந்தார்கள். 2015இல் டாராபிரிம் என்ற பழைய மாத்திரையை வாங்கிய ஒருவர், 13.50 டாலராக இருந்ததை ஒரே இரவில் 750 டாலர் ஆக்கினாரே, அதற்குக் கொள்ளை என்ற சொல் தாராளமாகப் பொருந்தும். அந்த மருந்து 1950களிலிருந்து இருந்து வருவது. அதில் புது ஆராய்ச்சி எதுவும் இல்லை.

லாபமே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அக்காவோஜென் என்ற சின்ன நிறுவனம், மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் ஒரு ஆன்டிபயாட்டிக்கைக் கண்டுபிடித்து 2018இல் அனுமதி வாங்கியது. அடுத்த ஆண்டே திவாலானது. அத்தகைய மருந்தை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பார்கள், அதனால் விற்பனை இல்லை. நமக்கு மிகத் தேவையான மருந்தைச் செய்தவர்கள் லாபம் இல்லாமல் அழிந்தார்கள். இன்னொரு பக்கம், மெர்க் நிறுவனம் 1987இலிருந்து ஆப்பிரிக்காவில் கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு ஐவர்மெக்டினை இலவசமாகவே கொடுத்து வருகிறது. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அரக்கர்கள் என்று நினைத்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

கண்டுபிடித்தவர் நல்லவராக இருந்தால் போதும் என்றும் இல்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங்கின் கூட்டாளிகள் 1923இல் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பேன்டிங் தன் பெயரையே அதில் போட்டுக்கொள்ளவில்லை. நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் இன்சுலின் வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். மூத்தோர் காப்புறுதித் திட்டத்தில் மாதம் 35 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2022இல் போட்ட சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அங்கே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

இனி நம் ஊர். சிங்கப்பூரில் மருந்துக்கு அரசாங்கம் உச்சவிலை நிர்ணயிப்பதில்லை. சுகாதார அறிவியல் ஆணையம் மருந்தின் தரம், பாதுகாப்பு, பலன் மூன்றையும் பார்க்கும். விலை அதன் வேலை இல்லை. துவாஸில் பெரிய மருந்து நிறுவனங்களின் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன, ஆனாலும் அங்கே செய்கிற மருந்து நமக்கு மலிவாகக் கிடைப்பதில்லை. என்னிடம் பலர் ஆதங்கத்தோடு கேட்டிருக்கிறார்கள். விலை ஆலை இருக்கும் இடத்தை வைத்து வருவதில்லை, பேரம் பேசும் பலத்தை வைத்து வருகிறது. நம்முடையது சின்னச் சந்தை.

அந்தப் பலத்தைச் சேர்க்கத்தான் 2015இல் சுகாதார அமைச்சின் கீழ் ஏஸ் என்ற அமைப்பு வந்தது. ஒரு மருந்து தரும் பலனுக்கு இந்த விலை தகுமா என்று கணக்குப் போட்டு, நிறுவனத்தோடு பேரம் பேசும். நிறுவனங்கள் "எங்கள் மருந்தின் மதிப்பு இவ்வளவு, ஆகவே இவ்வளவு கொடு" என்று சொல்லும் அதே மதிப்புக் கணக்கை, "இதற்கு மேல் தர மாட்டோம்" என்று சொல்ல இவர்கள் பயன்படுத்துகிறார்கள். 2022 செப்டம்பர் 1 முதல் புற்றுநோய் மருந்துப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்குத்தான் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்கக் காப்புறுதியும், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணமும் கிடைக்கும். முன்பு காப்புறுதியில் எல்லாவற்றுக்கும் மாதம் 3,000 வெள்ளி என்று ஒரே வரம்பு இருந்தது. பட்டியல் வந்தபோது மருந்தைப் பொறுத்து 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளி வரை என்று மாறியது. இந்தப் பேரத்தால் விலை சராசரியாக ஏறக்குறைய 30 விழுக்காடு இறங்கியதாக அமைச்சு சொன்னது. எந்த மருந்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது பெரும்பாலும் ரகசியம். நாடுகள் தாங்கள் கொடுக்கும் விலையை வெளியில் சொல்ல வேண்டும் என்று 2019 மே மாதம் உலகச் சுகாதார மன்றம் தீர்மானம் போட்டும், பேரங்கள் இன்னும் பெரும்பாலும் மூடிய கதவுக்குள்தான் நடக்கின்றன.

பட்டியலால் எல்லாருக்கும் நன்மை வந்தது என்று சொல்ல மாட்டேன். தங்கள் மருந்து பட்டியலில் இல்லை என்று தெரிந்து முகப்பில் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும். நிறுவனத்தைப் பார்த்து "இந்த விலைக்கு வேண்டாம்" என்று யாராவது சொன்னால்தான் விலை இறங்கும். அப்படிச் சொல்லும்போது வலிப்பது ஒரு நோயாளிக்கு. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி என்னிடம் இல்லை. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா 2017இல் சொவால்டி மருந்துக்கு அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தை எடுத்து, காப்புரிமை இருக்கும்போதே மலிவு மருந்தைக் கொண்டுவந்தது. நம் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. நாம் பேரத்தையே நம்பி வருகிறோம். சில மருந்துகளுக்காவது அந்தக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. முதல் வேலையாக, மருந்தின் பெயரும் எந்த வகைப் புற்றுநோய்க்கு என்பதும் சேர்த்துப் பட்டியலில் இருக்கிறதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். ஒரே மருந்து ஒரு நிலைக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. இருந்தால், அரசாங்க மருத்துவமனைக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் உதவித்தொகை பெறும் நோயாளியாகச் சேரலாம். நேரே தனியாரிலிருந்து மாறினால் முழுக் கட்டணம் போடுவார்கள். மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 75 விழுக்காடு வரை கழியும். அதற்கும் பிறகு முடியாவிட்டால் மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதிக்கு மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு அவரைப் பார்க்காமல் போகிறவர்கள் நம் சமூகத்தில் நிறைய. பல நிறுவனங்கள் சில மாதம் வாங்கினால் சில மாதம் இலவசம் என்ற திட்டம் வைத்திருக்கின்றன. விளம்பரம் இருக்காது, மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வாய்விட்டுக் கேட்க வேண்டும். தனியாரிடமே தொடர்ந்தால், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே விலை விசாரிக்கலாம். மருந்தகத்துக்கு மருந்தகம் வித்தியாசம் இருக்கும்.

திருச்சி மாமா விஷயம். புது மருந்துகளுக்கு இந்தியாவிலும் காப்புரிமை உண்டு, 2005இலிருந்து அங்கேயும் சட்டம் மாறிவிட்டது. அதனால் அங்கே விலை குறைவு என்றால் அது உரிமையோடு வந்த மலிவு மருந்தா, நிறுவனமே குறைத்து விற்பதா, போலியா என்று முதலில் தெரிய வேண்டும். நல்ல இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மருந்துகளை நாங்களே முகப்பில் தினமும் கொடுக்கிறோம், அவற்றின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் கைமாறி வரும் மருந்தின் மேல்தான். விலை உயர்ந்த புற்றுநோய் மருந்தில்தான் போலிக்காரனுக்கும் லாபம். பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில், பில்லோடு, அட்டை உடையாமல் வாங்கச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மிகாமல் கையில் கொண்டுவரலாம். சில தூக்க மாத்திரைகள், கடுமையான வலி மருந்துகளுக்கு மட்டும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் ஆணையத்திடம் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்த அட்டையை அம்மாவின் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். மருந்து மாறியிருப்பது தெரிந்தால்தான் அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் நோய் மருந்துக்குப் பழகிவிட்டதா, மாத்திரையிலேயே கோளாறா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும். அதுவரை இப்போது கையில் இருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாமல் கொடுங்கள்.